மஞ்சள் மீசை எலிகளின் இரத்த அழுத்தம்

போன மாதம் காவ்யா போன் செய்தாள். ஆய்வகத்தில் நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள். வாலில் பட்டை கட்டி எலிகளின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் பழைய கருவியை மூலையில் வைக்கப் போகிறார்களாம். இனி எலியின் உடலுக்குள்ளேயே சிறு கருவியைப் பதித்துவிடுவார்கள். அது நாள் முழுவதும் தானாக எண்களை அனுப்பும்.

"ஆனா ரெண்டு பேட்ச் இன்னும் வால்லதான் பாக்கணும் அக்கா. எத்தன ரீடிங்க விட்டுடலாம், எத எடுத்துக்கலாம்னு நீங்க எழுதிக் குடுத்தா நல்லாருக்கும். மேடம்தான் உங்கள கேக்கச் சொன்னாங்க."

மேடம் ஏன் என்னிடம் கேட்கச் சொன்னார் என்று அன்று முழுவதும் யோசித்தேன். நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒன்பது வருடம் செய்த வேலை. முப்பத்து நான்கு வயதில் ஓய்வுபெற்றவள் என்று சொல்லிக்கொள்வது வேடிக்கைதான். ஆனால் திரும்பப் போகப்போவதில்லை என்றால் வேறு என்ன சொல்வது? மகள் நிலா மழலையர் பள்ளியில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் இதை எழுதுகிறேன். காவ்யா கேட்டது ஒரு பக்கம். இது அதைவிட நீண்டுவிடும்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். விலங்கியல் படித்தேன். வேலை கிடைத்த முதல் வருடம் தினமும் ரயிலில் பெங்களூரு வந்து போனேன். பிறகு கல்யாணம், ஹெப்பகோடியில் வீடு. கணவர் சரவணன் பொம்மசந்திராவில் லேத் பட்டறை சூப்பர்வைசர். ஆய்வகம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். முதல் இரண்டு வருடம் கூண்டு கழுவினேன், தீனி எடை போட்டேன், எலியைக் கடிபடாமல் தூக்கப் பழகினேன். இரண்டு முறை கடிபட்டேன். அவ்வளவுதான் பயிற்சிக் காலம்.

மூன்றாவது வருடம் டாக்டர் வசுதா மேடத்தின் குழுவில் சேர்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது உயர் இரத்த அழுத்தம். பிபி என்றால் உப்பு, கோபம், வயது என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு முதல் வாரமே வேறு ஒரு கதை சொன்னார் மேடம்.

நம் உடம்பில் எரிபொருள் எரியும்போது புகை மாதிரி ஒரு கழிவு உண்டாகிறது. வீரியமுள்ள ஆக்சிஜன். அதைப் பிரித்துப்போடச் சில நொதிகள் இருக்கின்றன. அவைதான் காவல். அவை குறைந்தால் அந்தக் கழிவு இரத்தக் குழாயின் உட்சுவரை அரிக்கிறது. அரிபட்ட இடத்தைப் பார்த்து, கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள், எதிரி வந்துவிட்டான் என்று அங்கே போய்க் கூடுகின்றன. முக்கியமாகச் சிறுநீரகத்தில். அவை அங்கே கொட்டும் பொருட்களால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் சுவர் இன்னும் புண்படுகிறது, இன்னும் செல்கள் வருகின்றன.

"தப்பான வீட்டுக்கு வந்த போலீஸ் மாதிரி மா," என்றார் மேடம். "அவங்க கெட்டவங்க இல்ல. ஆனா வந்து உக்காந்துட்டா எழுந்து போறதில்ல."

மேடம் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். என்னோடு பேசுவதற்காகவே தமிழ் பேசுவார். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார், அதுவும் தாழ்ந்த குரலில். குறிப்பேட்டை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். நின்றுகொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிப்பார். எண் என்ன வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "என்ன பாத்தே?" என்பார். வித்தியாசம் எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

அவருடைய விதிகள் குறைவு. பென்சில் கூடாது. அழிக்கும் வெள்ளை மை கூடாது. தவறான எண்ணை ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடியில் இருக்கும் எண் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் காரணமும் கையெழுத்தும். "நாளைக்கு நீ உன்னையே கேள்வி கேக்கணும்னா, கேக்கறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கணும் இல்லையா?" என்பார்.

எலிக்கு இரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். காவ்யாவுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

காலை ஒன்பதரைக்கு ஆரம்பம். தினமும் அதே நேரம், அதே அறை, அதே ஆள். தலையில் பூ, முகத்தில் பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் கூடாது. எலிக்கு என் வாசனை பழக வேண்டும். வாசனை மாறினால் நான் வேறு ஆள். கல்யாணமான புதிதில் ஒருநாள் மறந்து மல்லிகையோடு போய்விட்டேன். அன்று எடுத்த எண்கள் முழுவதையும் மேடம் பயன்படுத்தவில்லை.

கூண்டுகளை ஒரு மணி நேரம் முன்பே அறைக்குள் கொண்டுவந்து விட வேண்டும். பிறகு ஒவ்வொரு எலியாக, பக்கவாட்டில் துளைகள் உள்ள கண்ணாடி போன்ற குழாய்க்குள் விடுவோம். மூக்கு ஒரு முனையில், வால் மறு முனையில் வெளியே. அடியில் இளஞ்சூடான தகடு. வால் சூடானால்தான் அதன் இரத்தக் குழாய் திறக்கும். குளிர்ந்த வாலில் எதுவும் தெரியாது. வாலின் அடிப்பகுதியைச் சுற்றிக் கட்டைவிரல் அகலப் பட்டை, அதற்குப் பின்னால் சிறிய உணர்வி. பட்டையில் காற்று ஏறி இறுக்கும், இறங்கும். இரத்தம் மறுபடி ஓட ஆரம்பிக்கும் கணத்தைத் திரையில் ஒரு அலை காட்டும். அதுதான் அழுத்தம்.

ஐந்து நாள் பழக்கினால்தான் எலி குழாய்க்குள் அமைதியாக இருக்கும். பழகிய பிறகும் முதல் ஐந்து சுற்று கணக்கில் வராது. அடுத்த பதினைந்து சுற்று வரும். அந்தப் பதினைந்தில் எலி அசைந்திருந்தால், அலை கலங்கியிருந்தால், அதை அடித்துவிட்டு இன்னொரு சுற்று எடுக்கலாம். அசைந்ததா இல்லையா என்று முடிவு செய்வது பார்க்கிறவர் கண். அதாவது என் கண்.

எனக்கு இயல்பிலேயே சந்தேகம் அதிகம். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். ஆய்வகத்தில் அது நல்ல குணம் என்று பெயர் வாங்கிக் கொடுத்தது. "சங்கீதா எடுத்ததா? அப்போ மறுபடி பாக்க வேணாம்" என்பார்கள். எனக்கு அதைக் கேட்கப் பயமாகவும் இருக்கும், பிடிக்கவும் செய்யும்.

அந்தக் குழுவில் இம்ரான் ஆராய்ச்சி மாணவன். சிவாஜிநகர்ப் பையன். வீட்டில் தக்னி உருது, வெளியில் தமிழ், மேடத்திடம் கன்னடம். என்னை விட ஒரு வயது மூத்தவன். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "லேப்ல சீனியாரிட்டி எலி கடிச்ச கணக்குலதான் அக்கா" என்பான். அவனை எலி கடித்ததில்லை. அவன் வேலை எலி உயிரோடு இருக்கும்வரை ஆரம்பிக்காது. சோதனை முடிந்த பிறகு சிறுநீரகத்தை நறுக்கி, கரைத்து, சல்லடையில் வடித்து, லேசர் கருவியில் ஓடவிட்டு, அதில் எத்தனை நோய் எதிர்ப்புச் செல்கள் என்று எண்ணுவது அவன்.

அவனுடைய கடைசிச் சோதனை இதுதான். எலியின் தோலுக்கு அடியில் சிறு குழல் வைத்து, அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவோம். பாதி எலிகளுக்குக் காவல் நொதிகளை அதிகமாகச் சுரக்க வைக்கும் ஒரு மருந்தை எண்ணெயில் கலந்து வாயில் கொடுப்போம். பாதிக்கு வெறும் எண்ணெய். நொதி கூடினால் சிறுநீரகத்துக்கு வரும் செல்கள் குறையும், அழுத்தமும் குறையும் என்று எதிர்பார்ப்பு.

எந்தக் கூண்டுக்கு எது என்று எனக்குத் தெரியக் கூடாது. இரண்டு பழுப்புப் பாட்டில்கள். பச்சை அட்டைக் கூண்டுகளுக்கு ஒன்று, வெள்ளை அட்டைக்கு மற்றது. எது மருந்து என்பது ஒட்டிய உறைக்குள், மேடத்தின் இழுப்பறையில்.

இரண்டாவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. பச்சை அட்டை எலிகளின் மீசை மஞ்சளாக இருந்தது. பாட்டிலிலும் ஊசிக் குழலிலும் வெறும் எண்ணெயைப் போலவே தெரிந்த மருந்து, மீசையில் காய்ந்ததும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. எது மருந்து என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே, நானாகப் பார்த்ததுதானே என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் பார்த்தேன். அப்போது எனக்கு நான்காவது மாதம். உறையைப் பிரித்துக் கணக்குப் போட்டபோது பச்சை அட்டைக் கூண்டுகளின் அழுத்தம் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் இம்ரான் எண்ணிய செல்கள் குறையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"அக்கா, இது பேஜாரு இல்ல, இதுதான் மேட்டரே," என்று இம்ரான் நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். "செல்லு வந்து உக்காந்துகிட்டுதான் இருக்கு. ஆனா பிரஷர் இறங்கிடுச்சு. அப்போ நொதி வேற வழியில வேல செய்யுது. இத யாரும் சொன்னதில்ல."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"அவங்க எப்பவும் போல. ரெண்டு எண்ணு சண்ட போடுதுன்னா முதல்ல ரெண்டு எண்ணையும் சந்தேகப்படுன்னாங்க. நான் என் செல்ல மூணு தடவ எண்ணிட்டேன். உன் எண்ண சந்தேகப்பட முடியுமா?"

"ஏன், படக் கூடாதா?"

"நீயே உன்ன டெய்லி சந்தேகப்படுறே. நாங்க வேற எதுக்கு."

அந்த முடிவை வைத்து அவன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தான். ஆறு வருட வேலை அதில் போய் முடிய வேண்டும். ஒரு மாநாட்டில் பேசவும் அழைப்பு வந்தது. புதுச் சட்டை வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

ஏழாவது மாதம் எனக்கே பிபி லேசாக ஏறியது. மருத்துவமனையில் பயப்பட வேண்டாம், வீட்டில் காலையும் மாலையும் பார்த்து எழுதி வாருங்கள் என்றார்கள். சரவணன் கையில் கட்டும் மிஷின் ஒன்று வாங்கி வந்தார்.

முதல் நாள் மாலை 146/94. மிஷினை அவரிடம் நீட்டினேன்.

"மாடிப்படி ஏறி வந்து உடனே உக்காந்தா ஏறத்தான் செய்யும்," என்றார் சரவணன். "செத்த நேரம் கழிச்சுப் பாரு. எலிக்கு மட்டும் பதினஞ்சு தடவ பாப்ப, உனக்கு ஒரு தடவ போதுமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். 138. பட்டை சரியாகக் கட்டவில்லையோ என்று அவிழ்த்துக் கட்டினேன். 134. இடது பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தேன். 128/82. அதை எழுதினேன். அதுதான் சரியான எண் என்று உண்மையாகவே நம்பினேன். மற்றவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் இருந்தது: படி, பட்டை, பேச்சு, பக்கத்து வீட்டு மிக்ஸி. 128க்கு எந்தக் காரணமும் தேவைப்படவில்லை.

மூன்று வாரம் இப்படி. நோட்டு முழுவதும் 126, 128, 130. ஒவ்வொரு வரியும் சுத்தமாக. ஆய்வகக் குறிப்பேட்டில் அடித்த எண்ணை வைத்திருப்பேன். இது வீட்டு நோட்டு என்பதால் கடைசி எண்ணை மட்டும் எழுதினேன்.

முப்பத்தைந்தாவது வாரம் மருத்துவமனைக்குப் போனேன். கால் வீங்கியிருந்தது, எல்லோருக்கும் வீங்கும் என்று அம்மா சொல்லியிருந்தார். காலையிலிருந்து லேசான தலைவலி; வெயில் என்று நானே சொல்லிக்கொண்டேன். பிபி பார்த்தவர் செல்வி சிஸ்டர். எங்கள் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக்காரர் என்பதால் என்னிடம் கொஞ்சம் உரிமையாகப் பேசுவார். 152/98. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தார். 150/98. இரண்டையும் எழுதினார்.

என் நோட்டைப் புரட்டினார். "இன்னாமா இது, வீட்ல எல்லாம் நூத்தி இருவத்தெட்டா கீது?"

"வீட்டுல நார்மலாதான் சிஸ்டர் வருது. இங்க வந்தா பயம்."

"எங்க வீட்லயும் மிஷின் கீது. எங்க மாமியாருக்கு ஒரு நாளு இப்டி வரும், ஒரு நாளு அப்டி வரும். உன் மிஷின் ரொம்ப ஒழுக்கமான மிஷினா கீதே," என்று சிரித்துக்கொண்டே உள்ளே அனுப்பினார்.

உள்ளே இருந்த டாக்டர் அவசரத்தில் இருந்தார். என் நோட்டைப் பார்த்தார், அன்றைய எண்ணைப் பார்த்தார். என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். "அப்போ உங்களுக்கே அளக்கத் தெரியும். வீட்டு ரீடிங் இவ்வளவு சீரா இருக்கு. ஹாஸ்பிடல் பயம்தான். அடுத்த வாரம் வாங்க" என்றார். நான் நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

சரவணன் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒழுக்கமான மிஷின் என்று சிஸ்டர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அவர்களிடம் காட்டலாம் என்று மிஷினையும் பையில் கொண்டுவந்திருந்தேன். எடுத்து, நினைவுப் பொத்தானை அழுத்தினேன். அது எடுத்த அளவுகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டும்.

128. அதற்கு முன் 139. அதற்கு முன் 147. அதற்கு முன் 154, அன்று காலையில் முதலில் எடுத்தது. முந்தைய நாள் மாலை 130, 141, 144, 151. அழுத்திக்கொண்டே போனேன். நோட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் மூன்று நான்கு எண்கள் இருந்தன. நான் எழுதாதவை. வாரம் போகப் போக, நல்ல எண் வரும்வரை நான் அளந்த தடவைகள் கூடியிருந்தன. கடைசி வாரத்தில் ஒருநாள் ஒன்பது முறை.

அப்போது நான் பயந்தது பிபிக்காக இல்லை. ஒன்பது முறை எடுத்தது எனக்கு நினைவே இல்லை. அதற்குத்தான்.

எழுந்து உள்ளே போனேன். வரிசையில் இருந்த ஒரு அம்மா, "ஏம்மா, லைன்ல வா" என்றார். செல்வி சிஸ்டரிடம் மிஷினை நீட்டினேன். "சிஸ்டர், நோட்ல இருக்கறது பொய். இதுல இருக்கறதுதான் நிஜம்."

அவர் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். சிரிக்கவில்லை. "தல வலிக்குதா?" என்றார். வலிக்கிறது என்றேன். என்னை அங்கேயே படுக்க வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். சிறுநீரில் புரதம் அதிகமாக இருந்தது. அன்று மாலையே சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அழுத்தம் நிற்கவில்லை. மூன்றாவது நாள் பகல் பதினொன்றரைக்கு நிலா பிறந்தாள். இரண்டு கிலோவுக்கும் குறைவு. அவளைச் சூடான பெட்டியில் வைத்தார்கள்.

ஒரு வாரம் வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "வந்துட்டீங்க இல்ல" என்றார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நடுவில் செய்வதற்கு எதுவும் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். பெட்டிக்குள் நிலா, வெளியே ஒரு வயரின் நுனியில் அவள் எண்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மஞ்சள் மீசைகள் நினைவுக்கு வந்தன. எதற்கு என்று முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு ஒரு நாள் முழுவதும் என் மனதோடு வாதாடினேன். வீட்டில் செய்தது பயத்தில். ஆய்வகத்தில் எனக்கு என்ன பயம்? அது வேலை. அங்கே நான் ஒழுங்கானவள்.

மறுநாள் காலை இம்ரானுக்குப் போன் செய்தேன்.

"முபாரக் அக்கா, குட்டி எப்படி இருக்கா? மேடம் இங்க ஸ்வீட் கேட்டு..."

"இம்ரான், என் குறிப்பேடு எடு. பச்சை அட்டைப் பக்கங்கள்ல நான் அடிச்ச எண்கள் எத்தனைன்னு எண்ணு. அப்புறம் வெள்ளை அட்டையில எண்ணு."

"எதுக்கு?"

"எண்ணு முதல்ல."

இருபது நிமிடத்தில் கூப்பிடுவான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. குரல் மாறியிருந்தது.

"வெள்ளையில அங்கங்க ஒண்ணு ரெண்டு. பச்சையில அத மாதிரி நாலு மடங்கு. அடிச்சதுல முக்காவாசி பெரிய எண்ணுங்க. எல்லாத்துக்கும் பக்கத்துல அசைவு, அசைவுன்னு எழுதியிருக்கே. பச்ச எலி மட்டும் ஏன் அக்கா அசைஞ்சுது?"

"அசையல. எனக்கு எது மருந்துன்னு தெரியும் இம்ரான். மீசை மஞ்சளா இருந்துச்சு."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"அப்போ செல்லு சரியாதான் சொல்லிச்சு," என்றான் கடைசியில். "நான்தான் அதுகிட்ட இத்தன மாசமா சண்ட போட்டுகினு இருந்தேன்." பிறகு, "புதுச் சட்டைய வேற எதுக்காவது போட்டுக்கறேன். நீ குட்டியப் பாரு, அக்கா. மேடத்துகிட்ட நானே சொல்றேன்."

"வேணாம். நான்தான் சொல்லணும்."

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை; இம்ரான் சொல்லிவிட்டிருந்தான். மாலை பார்வை நேரத்தில் மேடமே வந்துவிட்டார். கையில் குறிப்பேடு. குழந்தையைப் பார்க்க வரும்போது பழமோ துணியோ கொண்டுவருவார்கள். அவர் இதைக் கொண்டுவந்தார். முதலில் கண்ணாடிக்கு அருகில் போய் நிலாவை நின்று பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குறிப்பேட்டை உட்கார்ந்து விரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நீ என்ன பாத்தே?" என்றார், ஒரு கோட்டைத் தொட்டு.

"அசைஞ்சதுன்னு பாத்தேன் மேடம். பொய்யா எழுதல. அப்போ நிஜமாவே அசைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

"ஹௌது," என்றார். ஆமாம் என்று. "கம்ப்யூட்டர்ல அந்த அலை எல்லாம் இருக்கு. மத்தியானம் நான் பாத்தேன். நீ அடிச்சதுல நிறைய அலை சுத்தமா இருக்கு, மா."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. முடிந்த பிறகு சொன்னார்: "எண் பெருசா வந்தா உன்மேல சந்தேகம். சின்னதா வந்தா யார்மேலயும் சந்தேகம் இல்ல. நீ நிறைய சந்தேகப்பட்டே, ஆனா ஒரே பக்கமா." சிறிது நேரம் கழித்து, "வெறும் எண்ணெய்லயும் மஞ்சள் நிறம் கலந்திருக்கணும். மீசைய நான் பாக்கல. அது என் தப்பு. அதையும் எழுதியிருக்கேன்."

கடைசிப் பக்கத்தைக் காட்டினார். இரண்டு தவறுகளும் அவர் கையெழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்று. முதலாவதன் பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். பேனாவும் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து நிலாவைக் கொடுத்தார்கள். அலைகளை அட்டை நிறம் தெரியாத வேறொருவர் திரும்பப் பார்த்தார். அடித்திருக்கக் கூடாதவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, இரண்டு வகைக் கூண்டுகளுக்கும் நடுவில் நாங்கள் கொண்டாடிய வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போனது. இம்ரான் மாநாட்டுக்குப் போகவில்லை. இரண்டு எண்ணெய்க்கும் ஒரே நிறம் கொடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதில் என்ன வந்தது என்பதைச் சொல்ல வேண்டியவன் அவன். பட்டம் வாங்கிய அன்று அந்தச் சட்டையில் எடுத்த படத்தை அனுப்பினான். தொப்பை காரணமாகக் கடைசிப் பொத்தான் போட முடியவில்லை என்று கீழே எழுதியிருந்தான்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. விடுப்பு முடிந்ததும் வா என்றுதான் மேடம் சொன்னார். குறைமாதக் குழந்தை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்து விலகினேன். அது உண்மை. அது மட்டும்தான் உண்மையா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அறைக்குத் திரும்பிப் போய், திரையில் ஒரு அலையைப் பார்த்து, அசைந்தது என்று எழுத என் கை வந்திருக்குமா என்று தெரியவில்லை.

எனக்கு வந்தது எதனால் என்றும் நிறைய யோசித்திருக்கிறேன். ஏழு மாதம்வரை எலி அறையில் நின்றதாலா, உப்பாலா. நஞ்சுக்கொடி சரியாக ஊன்றாமல், அதே கழிவு, அதே குழாய்ச் சுவர், அதே செல்கள் என்று ஏறத்தாழ எலிகளுக்குச் சொன்ன கதைதான் என்றார் மேடம். உன் வேலையால் இல்லை என்றும் சொன்னார். நான் நம்புகிறேன், பெரும்பாலான நாட்களில். இப்படி ஒரு முறை வந்தவர்களுக்குப் பின்னாளிலும் பிபி வரலாம், விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வாரம் இரண்டு முறை பார்க்கிறேன்.

காவ்யா, நீ கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எந்த அலை கலங்கினால் விடலாம் என்பதை எலியைத் தொடுவதற்கு முன்பே எழுதி வை. எது மருந்து என்று உனக்குத் தற்செயலாகத் தெரிந்துவிட்டால், அன்றே மேடத்திடம் சொல். நீ விட்டுவிட்ட எண்களை மாதம் ஒரு முறை வேறு யாரையாவது எண்ணச் சொல், நீ எண்ணாதே.

இன்று காலை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று நிலா அழுதாள். தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு, வேகமாக நடந்து வந்து உட்கார்ந்து பிபி பார்த்தேன். 138/88. இதை விட்டுவிட்டு இன்னொன்று எடுப்பதற்குக் காரணங்கள் இரண்டு இருந்தன. இரண்டு காரணங்களையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினேன். எண்ணை அடிக்கவில்லை.